தலைவர் போகும் வழி

அந்த வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் பள்ளிக்கூடத்தில் நனைந்தவர்களும் இல்லை, காய்ந்தவர்களும் இல்லை. எல்லோரும் வெறும் பிள்ளைகள்தான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மைனாவின் அம்மா ஒரு நீளக் காகிதச் சுருளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவருக்கு வரைபட அலுவலகத்தில் வேலை. மைனா என்பது பட்டப்பெயர். கண் விழித்ததிலிருந்து போர்வைக்குள் நுழையும்வரை வாய் ஓயாது என்பதால் அப்பா வைத்தது. வகுப்பில் உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அம்மா சுருளைப் பிரித்து நடைபாதைச் சுவரில் ஒட்டினார். ஊரின் கடற்கரை முழுவதும் அதில் இருந்தது. ஒவ்வொரு தெருவும், ஒவ்வொரு சந்தும். சில இடங்கள் நீலம், சில இடங்கள் பச்சை.

"நாலு மாசத்துக்கு முன்னாடி ஒரு சின்ன விமானம் கரையோரமா போய்ப் போய்த் திரும்பிச்சே, பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"நான் கையாட்டினேன்" என்றான் ஒரு பையன்.

"பாவம், அது குனிஞ்சு தரையைப் பாத்துட்டிருந்திருக்கும். அது கீழே ஒளியைத் தூவிக்கிட்டே போச்சு. ஒளி தரையில பட்டு மேலே திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகுதுனு வச்சு, அந்த இடம் எவ்வளவு உயரம்னு கண்டுபிடிக்கலாம். மேடுன்னா சீக்கிரம் திரும்பிடும். பள்ளம்னா கொஞ்சம் தாமதமாகும். இப்படிக் கோடிக்கணக்கான புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து வீடு, மரம், நிக்கிற பஸ் எல்லாத்தையும் துடைச்சிட்டு வெறும் தரையை மட்டும் கம்ப்யூட்டர்ல வச்சோம். அப்புறம் கம்ப்யூட்டருக்குள்ளேயே கடலைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் பாத்தோம். எந்தத் தெருவுக்குள்ள தண்ணி வந்துச்சோ அது நீலம். வராத தெரு பச்சை."

"நீலத் தெருவுல இருக்கறவங்க என்ன செய்யணும்?"

"ஒண்ணும் பயப்பட வேண்டாம். நீலத் தெரு ஒவ்வொண்ணுலயும் ஒரு எச்சரிக்கை மணி வைக்கப் போறாங்க. கடல் பொங்குற மாதிரி இருந்தா மணி அடிக்கும். அடிச்சதும் எல்லாரும் இந்தப் பள்ளிக்கூட மாடிக்கு வந்துடணும். பச்சைத் தெருவுக்கு மணி தேவையில்ல. இந்த வரைபடம் திங்கட்கிழமை காலையில நகர மன்றத்துக்குப் போகுது. அதுக்கப்புறம் மணி வைக்கிற வேலை ஆரம்பம்."

அம்மா கிளம்பிப் போனாரோ இல்லையோ, சுவரில் அத்தனை மூக்குகள். எல்லோருக்கும் தங்கள் வீட்டைத் தேடும் அவசரம். மைனாவின் வீடு படகுத்துறைக்குப் பக்கத்தில். அதனால் நல்ல அடர் நீலம். அவளுடைய தோழி சுருட்டையின் சந்து பச்சை. சுருட்டைக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்க வேண்டாம், அவள் தலைமுடியைப் பார்த்தால் சீப்புக்கே அழுகை வரும்.

"நாங்க காய்ஞ்சவங்க" என்றாள் சுருட்டை, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு. "நீங்கல்லாம் நனைஞ்சவங்க. தள்ளி நில்லு மைனா, ஈரம் ஒட்டிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. கடைசி மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. நனைஞ்ச பசங்க ஒரு பக்கம், காய்ஞ்ச பசங்க ஒரு பக்கம். மைனா சுருக்கென்று ஏதாவது திருப்பிச் சொல்ல நினைத்தாள். அபூர்வமாக அன்றைக்கென்று ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கடுப்பாக இருந்தது.

மைனாவின் அப்பா பஸ் ஓட்டுநர். கடலோரமாகப் போகும் மேட்டு ரோட்டில்தான் அவருடைய பஸ் ஓடும். மேட்டு ரோடு பெயருக்கேற்ற மாதிரி ஒரு நீண்ட சுவர்போல உயர்ந்து கிடக்கும். அதன் ஒரு பக்கம் சேற்று வெளியும் கடலும். இன்னொரு பக்கம், பள்ளத்தில், சுருட்டையின் சந்து.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு புலம்பினார்.

"மேட்டு ரோட்டுல இன்னிக்கு ஒரு ஆட்டுக்கு பிரேக். ஒரு நாய்க்கு பிரேக். பந்தைத் துரத்திக்கிட்டு வந்த ஒரு பெரிய மனுஷருக்கு பிரேக். என் வலது கால் தனியா லீவு கேக்குது."

"தலைவருக்கு பிரேக் போடலையா?" என்றாள் மைனா.

"எந்தத் தலைவர்?"

"சுருட்டை வீட்டு வாத்துப்பா. முன்னாடி நெஞ்சை நிமித்திக்கிட்டுத் தலைவர் போகும், பின்னாடி வரிசையா மத்த வாத்தெல்லாம் போகும். தினமும் கடல் பக்கம் சேத்துல மேயுமே."

"அட, அந்தக் கூட்டமா? சேத்துல பாத்திருக்கேன். சந்துலயும் பாத்திருக்கேன். ரோட்டுல பாத்ததே இல்ல. இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட அதுங்களுக்காக நான் பஸ்ஸை நிறுத்தினதில்ல." அப்பா யோசித்தார். "பறந்து போகுமோ என்னவோ."

"தலைவராவது பறக்கறதாவது. வாசப்படி ஏறவே அதுக்கு மூச்சு வாங்கும்."

சொல்லிவிட்டு மைனா வாயருகே கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினாள். காலையில் வாத்துகள் அந்தப் பக்கம். சாயங்காலம் இந்தப் பக்கம். நடுவில் ரோடு. ரோட்டின்மேல் நடக்கவில்லை. பறக்கவும் இல்லை. அப்படியென்றால்?

அவள் பேச்சை நிறுத்தியதும் வீட்டில் ஒரு கணம் என்னவோ போல ஆகிவிட்டது. அம்மா எழுந்து வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"உடம்பு சரியில்லையா?"

"இல்லம்மா. ரோட்டுக்கு அடியில ஏதாவது வழி இருந்தா அந்த விமானத்துக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? அது மேலேயிருந்து பாக்குது. அதுக்கு ரோடு மட்டும்தான் தெரியும். அதனாலதான் ரோட்டுக்காரங்களைக் கேட்டோம். மார்க்கெட் பக்கம் ரெண்டு இடத்துல தண்ணிக் குழாய் போகுதுன்னாங்க. ரெண்டையும் கம்ப்யூட்டர்ல குறிச்சாச்சு."

"சுருட்டையோட சந்து பள்ளம்தானே. அப்புறம் ஏன் அது பச்சை?"

"பள்ளம்தான். ஆனா கடலுக்கும் அதுக்கும் நடுவுல மேட்டு ரோடு சுவர் மாதிரி நிக்குதே. தண்ணி அதைத் தாண்டாது. சாப்பிடு." அம்மா கொட்டாவி விட்டார். மூன்று மாதமாக அந்த வரைபடத்தோடுதான் அவர் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். சனிக்கிழமையோடு வேலை முடிந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் முழுக்கத் தூங்குவேன் என்று சொல்லிவைத்திருந்தார்.

தட்டுகளைத் துடைத்து அடுக்கும்போதும் மைனாவுக்கு அதே யோசனைதான். வாத்து போகிற வழியில் தண்ணீர் போகாதா? தலைவரைப் போன்ற ஒரு குண்டு வாத்தே போகிறதென்றால், கடலுக்கு என்ன கஷ்டம்?

போனால், சுருட்டையின் சந்து நீலம். ஆனால் வரைபடத்தில் பச்சை என்றிருப்பதால் அங்கே மணி வைக்க மாட்டார்கள். கடல் பொங்கும் நாளில் எல்லாத் தெருவிலும் மணி அடிக்கும், அங்கே மட்டும் அடிக்காது. சுருட்டையின் வீடு சந்தில் கடைசி வீடு. மாடி கிடையாது. அவள் அம்மா தரையில் துணிக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் மரத்தொட்டிலில் தம்பி தூங்குவான். தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லாத தொட்டில்.

உடனே அம்மாவிடம் சொல்லிவிடலாமே என்றுதானே கேட்கிறீர்கள்? மைனாவும் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். இன்றைக்குத்தான் எல்லோர் முன்னாலும் சுருட்டை அவளைக் கேலி செய்திருக்கிறாள். நாளைக்கே சுருட்டையின் சந்து நீலமானால், மைனாதான் வயிற்றெரிச்சலில் போய்ச் சொன்னாள் என்று ஊரே பேசும். ஊர் பேசினால் பேசட்டும், சுருட்டை பேசுவாளே. பாலர் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்காரும் சுருட்டை.

அவள் கடைசித் தட்டை மூன்று தடவை துடைத்தாள். யோசனை ஒருவழியாக ஒரு முடிவுக்கு வந்தது. முதலில் தெரிய வேண்டியது சுருட்டைக்கு.

சனிக்கிழமை காலை மைனா சுருட்டையின் வீட்டு வாசலில் நின்றாள். சுருட்டையின் அம்மா, அதாவது தையல் அத்தை, வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருந்தார். "ம்ம்ம், ம்ம்" என்றார். வா, சுருட்டை பின்னாடி இருக்கிறாள் என்று அதற்கு அர்த்தம். தொட்டிலில் தம்பி காலை உதைத்துக்கொண்டு கிடந்தான்.

"என்ன, காய வந்தியா?" என்றாள் சுருட்டை.

"உங்க தலைவர் தினமும் எந்த வழியா கடல் பக்கம் போகுதுனு உனக்குத் தெரியுமா?"

சுருட்டை வாத்துக் கூண்டைத் திரும்பிப் பார்த்தாள். "ரோடு வழியாத்தான் போகும்."

"எங்கப்பா ரோட்டுல பாத்ததே இல்லையாம். பின்னாடியே போய்ப் பாப்போமா?"

இப்படி ஒரு அழைப்பை யார்தான் மறுப்பார்கள். கேலியெல்லாம் மறந்துபோய்விட்டது. கூண்டைத் திறந்ததும் தலைவர் வெளியே வந்தது. இடமும் வலமும் ஒரு பார்வை. பிறகு கிளம்பியது. மற்ற வாத்துகள் பின்னால். அவற்றுக்குப் பின்னால், குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு, இரண்டு பெண்கள்.

சந்தின் மறுமுனையில் மேட்டு ரோட்டின் சரிவு தொடங்கும். அங்கே ஆள் உயரத்துக்குப் புதர். தலைவர் நேராகப் புதருக்குள் நுழைந்தது. ஒவ்வொரு வாத்தாக உள்ளே போனது. ஒன்றும் வெளியே வரவில்லை.

"ஓடு" என்றாள் மைனா.

சரிவில் ஏறினார்கள். பஸ் ஏதும் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்து ரோட்டைக் கடந்து, அந்தப் பக்கச் சரிவில் எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கீழே கோரைப்புல் அசைந்தது. அதிலிருந்து தலைவர் வெளியே வந்து வாலை ஒரு உதறு உதறிக்கொண்டது.

சுருட்டை விழுந்து விழுந்து சிரித்தாள். "திருட்டு வாத்து. சுரங்கப்பாதை வச்சிருக்கு பாரேன்."

திரும்பிச் சந்துப் பக்கம் வந்து புதரை விலக்கினார்கள். பாசி படிந்த பழைய சிமெண்ட் குழாய் ஒன்று வாயைத் திறந்துகொண்டு இருந்தது. ஒரு சின்னப் பிள்ளை தவழ்ந்து போகலாம், அவ்வளவு பெரிது. எந்தக் காலத்தில் வைத்ததோ, புதர் மூடியதும் எல்லோரும் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. குழாயின் வாயடியில் சேறு. சேற்றில் ஏதோ வெள்ளையாகப் பளபளத்தது. சுருட்டை குனிந்து எடுத்தாள்.

"சிப்பி" என்றாள். இன்னொன்றை எடுத்தாள். "இதுவும் சிப்பி. கடல் சிப்பி இங்க எப்படி..."

அவள் நிறுத்திவிட்டாள். சுருட்டை குழாயைப் பார்த்தாள், சிப்பியைப் பார்த்தாள், திரும்பித் தன் சந்தைப் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப்போனது.

"இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தியா?"

"ஆமா."

"உங்க தெரு நீலம்னு எங்க தெருவையும் நீலமாக்கப் பாக்குறே. நேத்து நான் சொன்னதுக்குப் பழி வாங்குறே. நல்லா இருக்குடி உன் நியாயம்."

மைனாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அவள் இதை எதிர்பார்த்துத்தான் வந்தாள். எதிர்பார்த்து வந்தால் மட்டும் வலிக்காமல் இருக்குமா என்ன.

"நேத்து நீ சொன்னதுல எனக்குக் கோவம்தான்" என்றாள். "ஆனா அது வேற. எங்கம்மாகிட்ட நான் இன்னும் இதைச் சொல்லல. உன்கிட்டதான் முதல்ல சொல்றேன். இதை இப்படியே விட்டா உங்க சந்துல மணி வைக்க மாட்டாங்க, சுருட்டை. உன் தம்பி தொட்டில் எவ்வளவு தாழ்வா இருக்கு."

சுருட்டை கையிலிருந்த சிப்பிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சாயங்காலம் நாலு மணிக்கு ஆபீஸுக்குப் போய் அம்மாகிட்ட சொல்லப் போறேன். நீ வந்தாலும் சொல்லுவேன், வராட்டியும் சொல்லுவேன். நீ வந்தா நல்லா இருக்கும். தலைவர் உங்க வீட்டு வாத்து, வழி கண்டுபிடிச்சது அதுதான்."

சுருட்டை சிப்பிகளைக் கீழே வீசிவிட்டு விடுவிடுவென்று வீட்டுக்குப் போய்விட்டாள். கதவு படாரென்று சாத்தப்படும் சத்தம் புதர்வரை கேட்டது.

நாலு மணிக்கு மைனா வரைபட அலுவலகத்தின் வாசலில் நின்றாள். சந்தின் பக்கம் பார்த்தாள். யாரும் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

சனிக்கிழமை என்பதால் அலுவலகத்தில் அம்மா மட்டும்தான் இருந்தார். பெரிய திரையில் ஊரின் கரை விரிந்து கிடந்தது. வீடும் மரமும் இல்லாத மொட்டைக் கரை. மேட்டு ரோடு பழுப்பு நிறத்தில் நீளமாக ஓடியது, எங்கேயும் ஒரு கீறல்கூட இல்லாமல்.

மைனா எல்லாவற்றையும் சொன்னாள். பிரேக், தலைவர், புதர், குழாய், சிப்பி. அம்மா கேட்கக் கேட்க நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சொல்லி முடித்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. கோபமோ என்று மைனா பயந்தாள்.

"மூணு மாசமா அந்த ரோட்டை மேலேயிருந்தே பாத்துட்டிருக்கேன்" என்றார் அம்மா மெதுவாக. "ஒரு தடவை கீழே குனிஞ்சு பாக்கலையே." பிறகு அவள் தோளைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "சரி, சொல்லு. குழாய் எவ்வளவு அகலம்?"

மைனா கையை விரித்துக் காட்டினாள். பிறகு கொஞ்சம் சுருக்கினாள். பிறகு மறுபடி விரித்தாள்.

"இவ்வளவு. இல்ல, இவ்வளவு. தெரியலம்மா. நான் அளக்கல."

அப்போது கதவு திறந்தது. சுருட்டை நின்றாள். முழங்கால்வரை சேறு. தலைமுடியில் ஒரு புதரே குடியிருந்தது. கழுத்தில் அவள் அம்மாவின் தையல் டேப். அதன் ஓரிடத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அத்தை, சீக்கிரம் இதைப் படிங்க" என்றாள் மூச்சிரைக்க. "நம்பர் மறந்துடும்னு குழாய்கிட்டேயிருந்து இதை விடாம பிடிச்சிட்டே வந்திருக்கேன். விரல் மரத்துப்போச்சு. வழியில நாய் துரத்துச்சு, அப்பவும் விடல."

அம்மா எழுந்து போய் அவள் விரல் இருந்த இடத்தைப் படித்தார். "அறுபத்தி ரெண்டு சென்டிமீட்டர். இனி விட்டுடலாம் கண்ணு."

சுருட்டை விரலை விட்டாள். பிறகு மைனாவைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னாள். "வீட்டுக்குப் போனேன். தம்பி தூங்கிட்டிருந்தான்." மைனா நகர்ந்து நாற்காலியில் பாதி இடம் விட்டாள்.

வெயில் சாய்வதற்குள் மூவரும் குழாயருகே போனார்கள். அம்மா நீளமான ஒரு கம்பத்தைக் கொண்டுவந்திருந்தார். அதன் உச்சியில் தட்டு மாதிரி ஒரு கருவி. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களோடு பேசி, கம்பம் நிற்கிற இடம் எவ்வளவு உயரம் என்று அது சொல்லிவிடும். குழாயின் இந்த வாயில் கம்பத்தை ஊன்றிப் பார்த்தார். அந்த வாயிலும் ஊன்றிப் பார்த்தார். தலைவர் அந்நேரம் வீடு திரும்பிக்கொண்டிருந்தது. தன் வழியில் கம்பத்தோடு ஒருவர் நிற்பதைப் பார்த்து ஒரு சத்தம் போட்டது பாருங்கள், அம்மாவே ஒதுங்கி நின்றுகொண்டார்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் அம்மா திரையில் மேட்டு ரோட்டின் நடுவே மெல்லியதாக ஒரு வழி வெட்டினார். பிறகு கடலை ஏற்றினார். நீலம் கரையில் ஏறியது. சேற்று வெளியை மூடியது. ரோட்டில் முட்டி நின்றது. பிறகு அந்தச் சின்ன வெட்டைக் கண்டுபிடித்து, நூல் கோக்கிற மாதிரி உள்ளே நுழைந்தது. சந்தில் பரவியது. கடைசி வீடுவரை போய்த்தான் நின்றது.

சுருட்டை மைனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் குழாயை அடைச்சிட்டா என்ன அத்தை?"

"அடைச்சா உங்க சந்து மழைத் தண்ணி வெளியே போக வழியிருக்காது. உள்ளேயிருந்து வெளியே மட்டும் திறக்கிற மாதிரி ஒரு கதவு போடலாம். அதுக்கு ஒரு வருஷமாவது ஆகும். அதுவரைக்கும் மணிதான் காவல்."

அம்மா தன் மேலதிகாரிக்குப் போன் செய்தார். பயந்துகொண்டேதான் செய்தார், அது மைனாவுக்குத் தெரிந்தது. மேலதிகாரி முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு குரல் கேட்டது.

"சனிக்கிழமையே தெரிஞ்சுதே, அது போதும். நாளைக்கு நானும் வர்றேன். ரோடு முழுக்க நடந்து பாத்துடுவோம்."

ஒரு நாள் முழுக்கத் தூங்கும் திட்டம் அத்தோடு போயிற்று.

திங்கட்கிழமை பள்ளிக்கூடச் சுவரில் புதிய வரைபடம் வந்தது. மூக்குகள் மறுபடி சுவரில் ஒட்டின.

"அய்யே, சுருட்டையும் நனைஞ்சிட்டா" என்றான் கையாட்டிய பையன்.

"ஆமா, நனைஞ்சிட்டேன்" என்றாள் சுருட்டை. "நானே அளந்து பாத்து நனைஞ்சேன். உன் தெரு காய்ஞ்சிருக்குனு உனக்கு எப்படித் தெரியும்? புதருக்குள்ள குனிஞ்சு பாத்தியா?"

அவன் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. அன்று மாலை பாதி வகுப்பு அவரவர் தெருவில் புதரை விலக்கிக்கொண்டு திரிந்தது. நனைந்தவர், காய்ந்தவர் பேச்சு அதோடு நின்றுபோனது, புதருக்குள் போன எல்லோரும் ஒரே மாதிரி சேறாகித்தான் வெளியே வந்தார்கள்.

மழைக்காலம் தொடங்குமுன் மணிகள் வந்து சேர்ந்தன. சந்து முனையிலும் ஒரு கம்பம் நட்டு, அதன் தலையில் ஒரு மணியை வைத்தார்கள். முதலில் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு போனார்கள். பிறகு பழகிவிட்டது.

ஒரு மதியம் அது அடித்தது.

தையல் அத்தை வாயிலிருந்த குண்டூசிகளைத் துப்பினார். தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். மைனாவின் அப்பா பஸ்ஸைச் சந்து முனையில் நிறுத்தி, தையல் மெஷினை அலாக்காகத் தூக்கி ஏற்றினார். சுருட்டை கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே தலைவர் வாயை மூடவே இல்லை. யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை, தலைவரைத் தவிர. கொஞ்ச நேரத்தில் எல்லாத் தெருக்காரர்களும் பள்ளிக்கூட மாடியில் இருந்தார்கள்.

மறுநாள் தண்ணீர் வடிந்தபிறகு மைனாவும் சுருட்டையின் வீட்டுக்குக் கூடப் போனாள். தரை முழுவதும் மெல்லிய சேறு. சுவரைச் சுற்றி ஒரு கோடு ஓடியது, யாரோ பென்சிலால் இழுத்தது மாதிரி. அந்தக் கோடு மரத்தொட்டிலின் மேலும் ஓடியது. மெத்தைக்கு மேலே, தலையணைக்கும் மேலே.

தையல் அத்தை தொட்டிலைப் பார்த்தபடி நின்றார். தம்பி அவர் இடுப்பில் உட்கார்ந்து அவர் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவர் அவனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் இரண்டு பெண்களையும் சேர்த்து அணைத்தார். அவர் எதுவும் பேசவில்லை, வாயில் ஒரு குண்டூசிகூட இல்லாதபோதும்.

வெகுநேரம் கழித்து, சேற்றை வழித்துக் கொட்டிக்கொண்டிருந்தபோது சுருட்டை கேட்டாள்.

"மைனா, அன்னிக்கு உன்னை நான் அப்படித் திட்டினேனே. இன்னும் ரெண்டு திட்டு சேத்துத் திட்டியிருந்தா, போடின்னுட்டு உங்கம்மாகிட்ட சொல்லாமலே விட்டிருப்பியா?"

மைனா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு யோசித்தாள்.

"விட்டிருக்க மாட்டேன்" என்றாள். "போற வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கிட்டே போயிச் சொல்லியிருப்பேன்."

சுருட்டை சிரித்தாள். என்ன விஷயம் என்று தெரியாமலேயே தம்பியும் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.